வாசலில் வங்கி நோட்டீஸ்: குடியிருப்பவர் முதலில் காக்க வேண்டியது எதை?

கேள்வி: குரோம்பேட்டையில் ஒரு தனி வீட்டின் கீழ்த்தளத்தில் 2023 ஜூன் மாதத்திலிருந்து குடியிருக்கிறோம். வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். பதினொரு மாத ஒப்பந்தம். இரண்டு முறை புதுப்பித்தோம், கடைசியாக 2025 ஏப்ரல் 1 அன்று. ஜூலை 4ஆம் தேதி மூன்று பேர் வந்து வெளிக்கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டி, அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் 2019இல் வாங்கிய வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டால், "பேசி முடித்துவிட்டேன், நீங்கள் வாடகையை மட்டும் ஒழுங்காகக் கொடுங்கள்" என்கிறார். போன வாரம் 2023ஆம் ஆண்டு தேதி போட்டு ஐந்து வருட ஒப்பந்தம் ஒன்றை எழுதிக் கொண்டுவந்தார். அதில் கையெழுத்துப் போட்டால் வங்கியால் எங்களை அசைக்க முடியாதாம். மாடியில் இருப்பவர்கள் 9 லட்சம் ரூபாய் ஒத்தி கொடுத்து வந்தவர்கள். அந்த அம்மா இரண்டு நாட்களாகச் சாப்பிடவில்லை. என் மகன் பத்தாம் வகுப்பு. எங்களை வெளியேற்றிவிடுவார்களா? வாடகையை நிறுத்தலாமா? அட்வான்ஸ் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரி, நோட்டீஸின் படத்தையும் மூன்று ஒப்பந்தங்களின் நகல்களையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அவற்றைப் படிக்காமல் உங்களுக்குப் பதில் எழுதியிருந்தால் அது பாதிப் பதிலாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். அந்தக் காகிதம் உங்களை வெளியேற்றும் உத்தரவு இல்லை. இன்றைக்கோ அடுத்த வாரமோ யாரும் வந்து உங்கள் பாத்திரம் பண்டங்களைத் தெருவில் வைக்க முடியாது. அப்படி யாராவது மிரட்டினால், நீதிமன்ற உத்தரவோ ஆட்சியரின் உத்தரவோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கதவைத் திறக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஆனால் அந்தக் காகிதத்தை அலட்சியமாகவும் விட முடியாது. படத்தைப் பெரிதாக்கி என்னோடு சேர்ந்து ஒரு முறை வாசியுங்கள். மேலே 'சுவாதீன அறிவிப்பு' என்று இருக்கிறது. சர்ஃபாசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். அதற்கான படிகளில் இது இரண்டாவது. முதல் பத்தியில், 21.03.2025 தேதியிட்ட கேட்பு அறிவிப்பு ஒன்றைக் குறிப்பிட்டு, அறுபது நாட்களுக்குள் தொகையைக் கட்டச் சொன்னோம், கட்டவில்லை என்கிறார்கள். இரண்டாவது பத்தியில் 04.07.2025 அன்று சொத்தின் 'அடையாள சுவாதீனம்' எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். 'அடையாள' என்ற அந்த ஒரு சொல்தான் இன்றைக்கு உங்கள் மூச்சு. சொத்து எங்கள் பிடிக்குள் வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். சாவி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, இந்தச் சொத்தில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை. கடைசியில் சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் கொண்ட சொத்து விவரம். உங்கள் கீழ்த்தளமும் மாடியும் சேர்ந்தே அதில் அடங்குகின்றன. அதற்கும் கீழே அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி என்று ஒருவரின் கையொப்பம் இருக்கிறது. அவருக்கு நீங்கள் கடிதம் எழுதப் போகிறீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதே அறிவிப்பு ஏழு நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களில் வந்திருக்க வேண்டும், ஒன்று வட்டார மொழியில். தமிழ் நாளிதழ் பக்கத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டத்தில் வாடகைதாரரின் நிலை தேதிகளில் நிற்கிறது. வாடகை எப்போது தொடங்கியது, அடமானம் எப்போது வைக்கப்பட்டது, கேட்பு அறிவிப்பு எப்போது அனுப்பப்பட்டது? அடமானத்துக்கு முன்பே முறையாகக் குடிவந்தவராக இருந்தால் நிலை மிக வலுவானது. வாடகை உரிமை சட்டப்படி முடியும்வரை வங்கி அவரைத் தொட முடியாது. அடமானத்துக்குப் பிறகு, கேட்பு அறிவிப்புக்கு முன்பு வந்தவர் என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு குறுக்கே வரும். அடமானம் வைத்த உரிமையாளர் வாடகைக்கு விடலாம். ஆனால் வாடகை நியாயமான அளவில் இருக்க வேண்டும், முன்பணம் வாங்கக் கூடாது, கட்டடம் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது, அடமானப் பத்திரத்தில் தடையும் இருக்கக் கூடாது. பெரும்பாலான வீட்டுக் கடன் பத்திரங்களில், வங்கியின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது என்ற வரி இருக்கும். கேட்பு அறிவிப்புக்குப் பிறகு ஏற்பட்ட வாடகை என்றால், வங்கியின் சம்மதம் இல்லாத வரையில் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. 2016இல் சர்ஃபாசி சட்டத்தைத் திருத்தியபோது, வாடகைதாரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போனால் இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 17ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். பஜரங் ஷ்யாம்சுந்தர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் மேலும் ஒன்றைத் தெளிவாக்கியது: ஓராண்டுக்கு மேல் இருக்க உரிமை உண்டு என்று சொல்பவர் பதிவு செய்த பத்திரத்தைக் காட்ட வேண்டும்.

உங்கள் காகிதங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2023 ஜூன் ஒப்பந்தம் 2024 ஏப்ரலில் முடிந்தது. இரண்டாவது 2025 மார்ச் 31இல் முடிந்தது. மூன்றாவது 2025 ஏப்ரல் 1 அன்று எழுதப்பட்டது. கேட்பு அறிவிப்பின் தேதி மார்ச் 21. பதினொரு நாள். இந்தப் பதினொரு நாள்தான் உங்களைத் தவறான பக்கத்தில் தள்ளிவிட்டது. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த நோட்டீஸ் வீட்டுக்காரருக்கும் ஜாமீன்தாரருக்கும்தான் போகும், குடியிருப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் உங்களிடம் கையெழுத்து வாங்கிய வீட்டுக்காரர். ஆனால் தீர்ப்பாயத்தில் உங்கள் அறியாமை ஒரு வாதமாகாது. இரண்டு ஆண்டுகளாக அதே வீட்டில் தொடர்ந்து இருக்கிறோம், புதுப்பித்தல் வெறும் தொடர்ச்சிதான் என்று வாதிடலாம். வாதிடும் வழக்கறிஞர்கள் உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வாதத்தை நம்பிச் செலவு செய்ய மாட்டேன்.

அதனால்தான், கூரையைக் காப்பதைவிடப் பணத்தைக் காப்பதில் இப்போது உங்கள் முழுக் கவனமும் இருக்கட்டும் என்கிறேன். கூரைக்குச் சில மாத அவகாசம் இருக்கிறது. 1,50,000 ரூபாய்க்கு அந்த அவகாசம் இல்லை. அட்வான்ஸை வாங்கியவர் வீட்டுக்காரர். அதைத் திருப்பித் தரும் கடமை வங்கிக்குக் கிடையாது. ஏலத்தில் எடுப்பவர் 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் எடுப்பவர், அவரும் தர மாட்டார். தவணை கட்டவே பணம் இல்லாதவர், வீடும் கையைவிட்டுப் போன பிறகு, உங்களைத் தேடி வந்து ஒன்றரை லட்சம் கொடுப்பார் என்று நம்பி இருக்காதீர்கள். முதல் நோட்டீஸ் வந்த மாதத்திலேயே இதைச் செய்யாமல் விட்டு, ஏலம் முடிந்த பிறகு அட்வான்ஸுக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் குடும்பங்களை என் அலுவலகத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வழி எளிது, உங்கள் கணக்கில் அது கச்சிதமாகவும் பொருந்துகிறது. மாதம் 15,000, அட்வான்ஸ் பத்து மாத வாடகை. வரும் ஆகஸ்ட் மாதத்திலிருந்து வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். 2026 மே மாதம் வரை இருந்தால் தொகை முழுவதும் கழிந்துவிடும். மகனின் பொதுத்தேர்வும் அதற்குள் முடிந்திருக்கும். நடுவில், ஜனவரியில் வெளியேற நேர்ந்தால்கூட, ஐந்து மாத வாடகை 75,000 ரூபாய் காப்பாற்றப்பட்டிருக்கும். மீதி 75,000 ரூபாய்க்குத்தான் அவரைத் துரத்த வேண்டியிருக்கும்.

சம்மதக் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. "குரோம்பேட்டையில் உள்ள என் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் இவரிடமிருந்து நான் அட்வான்ஸாகப் பெற்றுள்ள ரூபாய் 1,50,000இல், 2025 ஆகஸ்ட் மாதம் முதல் மாத வாடகை ரூபாய் 15,000ஐக் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். வீட்டைக் காலி செய்யும் நாளில் கழியாமல் நிற்கும் தொகையை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தருவேன்." இவ்வளவு போதும். தேதி, அவருடைய கையெழுத்து, இரண்டு சாட்சிகள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அட்வான்ஸ் வாங்கியதை அவரே கைப்பட ஒப்புக்கொண்ட சான்று உங்களிடம் வந்துவிடும். மூன்று ஒப்பந்தங்களில் முதலாவதில் மட்டும்தான் அட்வான்ஸ் தொகை எழுதியிருக்கிறது. மற்ற இரண்டிலும் "ஏற்கெனவே பெற்றுக்கொண்டபடி" என்று விட்டுவிட்டார்கள். நகல்களைப் பார்த்தபோது எனக்கு மிகவும் கவலை தந்தது அதுதான்.

அவர் சம்மதிக்காவிட்டால் நீங்களாகவே வாடகையை நிறுத்தாதீர்கள். இது உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில். வீட்டுக்காரர் வங்கிக்குக் கட்டாதது அவருக்கும் வங்கிக்கும் இடையிலான விவகாரம். நீங்கள் அவருக்குக் கட்டாவிட்டால் பாக்கிக்காரர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும், அதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்ல அவருக்கு வழி பிறக்கும். வாடகையை அவருடைய வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், 'ஆகஸ்ட் 2025 வாடகை' என்று குறிப்புப் போட்டு. ரொக்கமாக ஒரு ரூபாயும் வேண்டாம். "இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுங்கள், கடனை நேர் செய்துவிடுகிறேன்" என்று நாளை கேட்டாலும் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே கடனை நேர் செய்ய நினைப்பவர், வாடகையை அவருடைய கடன் கணக்கிலேயே நேரடியாகக் கட்டிவிடும்படி உங்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் நல்ல மனதோடு இருக்கிறார் என்று பொருள். தாராளமாகச் செய்யுங்கள், ஒவ்வொரு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியே ஒருநாள், வாடகையை இனி எங்களிடம் கட்டுங்கள் என்று எழுதலாம். வங்கியின் பெயர் அச்சிட்ட தாளில், அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் கையெழுத்தோடு வந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். நகலை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு வங்கியில் கட்டுங்கள். அப்படிக் கட்டியது வீட்டுக்காரருக்குக் கட்டியதாகவே சட்டம் கொள்ளும். அதற்குப் பிறகு அட்வான்ஸில் கழிப்பதை வங்கி ஒப்புக்கொள்ளாமல் போகலாம். எனவே அந்தக் கடிதம் வருவதற்கு முன் எத்தனை மாதம் கழிகிறதோ அத்தனை நல்லது. யாருக்குக் கட்டுவது என்பதில் இருவருமே உரிமை கொண்டாடிக் குழப்பினால், தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செலுத்தவும் வழி உண்டு. ஆனால் வசூல் முகவர் என்று தொலைபேசியில் அழைத்து, இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள் என்பவருக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். நீங்கள் கடன் வாங்கியவர் இல்லை. கடன் வாங்கியவரையே காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

இப்போது அந்த ஐந்து வருட ஒப்பந்தம். சகோதரி, இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: அதில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டாலும் பயன் இல்லை. பதிவு செய்யாத ஐந்து வருட ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் செல்லாது. அடமானச் சொத்தில் மூன்று ஆண்டு வரம்பையும் தாண்டுகிறது. முத்திரைத் தாளின் பின்புறம் அதை விற்றவரின் முத்திரையும், வாங்கியவர் பெயரும், விற்ற தேதியும் இருக்கும். 2023 தேதி போட்ட ஒப்பந்தம் 2025இல் வாங்கிய தாளில் இருந்தால் அது முதல் நாளிலேயே அம்பலமாகும். பழைய தாளைத் தேடிப் பிடித்து எழுதியிருந்தாலும், உங்களிடம் இருக்கும் உண்மையான மூன்று ஒப்பந்தங்களும் அதைப் பொய்யாக்கிவிடும். பொய்ச் சான்று புனைந்து தீர்ப்பாயத்தில் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். வீட்டுக்காரர் உங்களைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வங்கியிடம் நாள் கடத்தப் பார்க்கிறார். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் பெரிய பலம், நீங்கள் ஒளிவுமறைவில்லாமல் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் குடும்பம் என்பது. அதை இழந்துவிடாதீர்கள்.

அந்தப் பலத்தை வைத்துத்தான் வங்கி அதிகாரிக்கு எழுத வேண்டும். இனி நடக்கப்போவது இது. ஆள் இருக்கும் வீட்டை ஏலத்தில் எடுக்கப் பலரும் தயங்குவார்கள். அதனால் நேரடி சுவாதீனம் பெற வங்கி, சர்ஃபாசி சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுச் செய்யும். முப்பது நாட்களில் உத்தரவு வர வேண்டும், காரணம் இருந்தால் அறுபது நாள் வரை போகலாம் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் இழுப்பது உண்டு. உத்தரவு வந்தால் பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிப்பார்கள். அவர் முன்னறிவிப்பு ஒட்டி, குறித்த நாளில் காவலர்களோடு வருவார். அந்த நாள் வரைக்கும் காத்திருந்தால் உங்களால் எதையும் பேச முடியாது. அன்று அவருக்கு உத்தரவை நிறைவேற்றுவது மட்டும்தான் வேலை. ஏலத்துக்கும் நாள் உண்டு: முதல் ஏலத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும்வரை வீட்டுக்காரர் முழுத் தொகையையும் கட்டிச் சொத்தை மீட்கலாம். அப்படி மீட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நடக்கட்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் அதை நம்பி உங்கள் குடும்பத்தை நடத்தாதீர்கள்.

இந்த வாரமே எழுதுங்கள். நீங்கள் வாடகைதாரர் என்பதையும், 2023 ஜூன் முதல் இருப்பதையும், அட்வான்ஸ் தொகையையும், மகன் பத்தாம் வகுப்புப் படிப்பதையும் சொல்லுங்கள். மூன்று ஒப்பந்தங்களையும் இணையுங்கள், ஒன்றையும் மறைக்காமல். 2026 ஏப்ரல் 30க்குள் காலி செய்து சாவியை வங்கியிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்று உறுதி கூறி, அதுவரை இருக்க அனுமதி கேளுங்கள். வங்கி கேட்டால் வாடகையை அவர்களிடமே கட்டத் தயார் என்பதையும் சேருங்கள். ஒப்புகையோடு அஞ்சலில் ஒரு பிரதி, நேரில் கொடுத்து முத்திரை வாங்கிய ஒரு பிரதி. நேரில் போகும்போது கணவரும் நீங்களும் சேர்ந்தே போங்கள்.

வங்கி சம்மதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கணக்கையும் யோசித்துப் பாருங்கள். எதிர்த்து வழக்குப் போடும் குடியிருப்பவரைவிட, தேதி சொல்லிச் சாவி தருகிறேன் என்பவர் அவருக்கு வேலையை எளிதாக்குகிறார். சில ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் இருந்த ஒரு குடும்பத்தோடு நான் வங்கிக் கிளைக்குப் போனேன். அதிகாரி முகம் கொடுத்தே பேசவில்லை. அந்தப் பெண் பையிலிருந்து மகளின் தேர்வு அட்டவணையை எடுத்து மேசை மேல் வைத்தார். அவர் அதை எடுத்து வாசித்தார், கடைசித் தேர்வின் தேதியைக் கேட்டார், அதற்கு மேல் பத்து நாள் சேர்த்து உறுதிமொழி எழுதி வரச் சொன்னார். எல்லா அதிகாரியும் அப்படி இருக்க மாட்டார். எழுதாதவருக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

தீர்ப்பாயம் என்ற கதவையும் மூடிவிடாதீர்கள். சென்னைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய, வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள். ஜூலை 4இலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 18. உங்கள் ஒப்பந்தத் தேதிகளை வைத்து இப்போது போக வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் உத்தரவு இல்லாமல் பூட்டுப் போட வந்தாலோ, நடைமுறையை மீறினாலோ உடனே போக வேண்டியிருக்கும். உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கவனம். இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைக்கு அங்கே தடை கேட்க 34ஆம் பிரிவு இடம் தரவில்லை. வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எனவே மனுவும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

மின் கட்டணத்தை மட்டும் விடாமல் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். எரிவாயு இணைப்பு, பள்ளிச் சான்று, ஆதார் முகவரி, இரண்டு ஆண்டு வாடகை போன வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

மாடியில் இருக்கும் சகோதரியை நினைத்தால்தான் எனக்கு மனம் பதறுகிறது. ஒன்பது லட்சம் என்பது ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு. வாடகை இல்லாமல் இருக்கலாம், போகும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று நம்பித்தான் ஒத்திக்கு வருகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அந்த ஒத்தி ஒருவகை அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய அடமானம் பதிவு செய்த பத்திரமாக இருந்தால்தான் செல்லும். அவர்களுடையது முத்திரைத் தாளில் எழுதிய பதிவில்லாத ஒப்பந்தம் என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். பதிவு செய்திருந்தாலும் 2019இல் வைத்த வங்கி அடமானம்தான் முந்தியது. காலத்தால் முந்தியதற்கே முன்னுரிமை. வீட்டின் மேல் அவர்கள் நிற்க இடமில்லை. பணத்தின் மேல் இருக்கிறது.

அவர்கள் செய்ய வேண்டியது வேறு. வங்கி அடமானத்தை மறைத்து ஒத்திப் பணம் வாங்கியிருந்தால் அது ஏமாற்றுக் குற்றமாகலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அதோடு பணத்தைத் திரும்பக் கேட்டு உரிமையியல் வழக்கும் வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் இருக்கிறது. வீடு ஏலம் போய், வங்கியின் பாக்கியும் செலவும் எடுத்தது போக மிச்சம் இருந்தால், அந்தத் தொகை உரியவருக்குப் போக வேண்டும் என்கிறது சர்ஃபாசி சட்டத்தின் 13ஆம் பிரிவு. குரோம்பேட்டையில் ஆறு ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கிய வீடு என்றால் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. அது வீட்டுக்காரர் கைக்குப் போவதற்கு முன், தீர்ப்புக்கு முந்திய பற்றுகை ஆணை, அதாவது தீர்ப்பு வரும்வரை அந்தப் பணத்தை முடக்கி வைக்கும் ஆணை கேட்டு வழக்கிலேயே மனுப் போட வேண்டும், வங்கி அதிகாரிக்கும் தங்கள் உரிமையைக் கடிதமாகத் தெரிவிக்க வேண்டும். ஏலத்துக்குப் பிறகு போனால் பணம் போயிருக்கும். உங்கள் அட்வான்ஸில் கழியாத பாக்கிக்கும் இதே வழி பொருந்தும். அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று வாடகைச் சட்டம் சொன்னாலும், உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படாதது. அங்கே உங்கள் வாதம் பலவீனம். வழக்கு மன்றமே கதி என்றால் மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

அடுத்த வீடு பார்க்கும்போது, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் போதும். 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு இருந்து, அதை ரத்து செய்த ரசீதுப் பதிவு இல்லாவிட்டால் வீடு அடமானத்தில் இருக்கிறது. அடமானத்தில் இருக்கும் வீட்டுக்கே போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன்; சென்னையில் பாதி வீடுகளுக்குக் கடன் இருக்கும். அங்கே மூன்று மாத அட்வான்ஸுக்கு மேல் கொடுக்காதீர்கள். சட்டம் சொல்லும் பொதுவான அளவும் அதுதான். கூடுதலாகத் தர நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே அதற்கு மேல் வாங்கலாம். ஒத்தி என்றால், வங்கியின் எழுத்துச் சம்மதமும் பதிவும் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைச் சந்திக்கும்போது ஐந்து வருட ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் சம்மதக் கடிதத்தை அவர் முன் வையுங்கள். திட்ட வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம்; அவரும் வீட்டை இழந்துகொண்டிருக்கும் மனிதர். இந்தப் பதிலை மாடிக்கு எடுத்துப் போய் அந்தச் சகோதரியிடம் படித்துக் காட்டுங்கள். ஒத்திப் பத்திரத்தின் நகலையும், ஒன்பது லட்சம் எந்த வழியில் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். காசோலை, வங்கி வரைவோலை, ரொக்கம், எதுவானாலும் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.